மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட அக்கா

சேர்ப்பதற்கு முன்னால் நான் கேட்காத கேள்வி இல்லை. அறையில் ஏசி உண்டா, எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர், பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவார்கள், குடிக்கிற தண்ணீர் கேனா போரா, உச்சி வெயிலில் விளையாட விடுவார்களா, கேமரா இருக்கிறதா. கேம்ப்பின் பொறுப்பாளர் நல்ல பொறுமைசாலி. என்னைவிடச் சின்னப் பெண்ணாகத்தான் இருப்பார். ஒவ்வொன்றுக்கும், “யெஸ் மேம், அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேம்” என்று போனிலேயே சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். கேட்டு முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி. நல்ல அம்மாவாக என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ அதைச் செய்துவிட்ட நிம்மதி.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் அடைத்துவிட்டார்கள். என் கணவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் இருக்கிறார். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவார். உள்ளே நுழையும்போதே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மே மாதம் மட்டும் வீட்டிலிருந்தே வேலை செய்ய மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன். வாங்கி என்ன பயன்? ஒரு மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருந்தபோது இவள் பின்னால் வந்து நின்று, “அம்மா, பல்லியோட வால் மட்டும் தனியா ஆடுது” என்று கத்தினாள். மைக் திறந்திருந்தது. அன்றைக்குத்தான் கேம்ப் தேட ஆரம்பித்தேன்.

தாம்பரம் கிழக்கில் கேம்ப் ரோடு என்றே ஒரு சாலை உண்டு. அதனால் வீட்டில் முதல் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. “பாப்பாவ கேம்ப்ல சேத்துடலாம்” என்றால், “கேம்ப் ரோட்ல என்ன இருக்கு?” என்று கேட்டார் கணவர். “கேம்ப் ரோட்ல இல்ல, மாடம்பாக்கம் போற வழியில. சம்மர் கேம்ப்” என்றேன். “அப்ப எதுக்கு கேம்ப் ரோடுன்ன?” நான் சொல்லவே இல்லை. ஒருவழியாக அவரே ஆன்லைனில் விவரங்களை நிரப்பிப் பதிவு செய்தார். அதில் அவருடைய போன் நம்பரைக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் என்னைச் சேர்க்கச் சொன்னார்.

அந்த குரூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து போன் ஓயவில்லை. பெற்றோர் உள்ளே வரக் கூடாது, பிள்ளைகளைத் தெருமுனையிலேயே இறக்கிவிடவும், மஞ்சள் டீ-ஷர்ட் அணிந்த அக்காக்கள் அழைத்துச் செல்வார்கள் என்று ஒரு செய்தி. அடையாள அட்டை உள்ளே தரப்படும் என்று இன்னொன்று. அதற்கு நூறு பேர் நன்றி சொன்னார்கள். நடுவில் ஒருவர் வீட்டு மாவடு விற்பனைக்கு என்று போட்டார். அவரைக் கண்டித்து நாலு பேர் எழுதினார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று பத்துப் பேர். இதற்கு நடுவே முக்கியமானது எது வந்தது, எது போனது என்று யாரால் சொல்ல முடியும்? நான் சத்தத்தை அணைத்துவிட்டு, மகளுக்குப் பின்னல் போட உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை காலை அந்தச் சின்னத் தெருவின் முனையில் தண்ணீர் லாரி ஒன்று வளைய முடியாமல் நின்றது. அதன் பின்னால் கார்கள், ஆட்டோக்கள், என்னைப் போல ஸ்கூட்டரில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்ற அம்மாக்கள். லாரியைத் தாண்டித் தெருவுக்குள் மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட பெண்கள் வரிசையாக நின்று வருகிற பிள்ளைகளைக் கைபிடித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் அலுவலக போன் பையில் அடித்துக்கொண்டே இருந்தது.

“அதோ பாரு, மஞ்சள் டீ-ஷர்ட் அக்கா. அவங்ககிட்ட போ” என்றேன்.

அவள் போனாள். அந்தப் பெண் குனிந்து ஏதோ கேட்டாள். இவள் தலையை ஆட்டினாள். இருவரும் கைகோத்துக்கொண்டு நடந்தார்கள். திரும்பிப் பார்த்துக் கை காட்டுவாள் என்று காத்திருந்தேன். காட்டவில்லை. பெரியவளாகிவிட்டாள் என்று கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் ஒரு மாதிரியாகவும் இருந்தது.

மதியம் தெருமுனைக்கே திரும்பி வந்தாள். சட்டையில் நட்சத்திர வடிவத்தில் வெட்டிய அட்டை, அதில் அவள் பெயர். இதுதான் அடையாள அட்டை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“கேம்ப் எப்டி இருந்துச்சு?”

“சூப்பர்.”

சாயங்காலம் குரூப்பில் போட்டோக்கள் வந்தன. வட்டமாக உட்கார்ந்து களிமண் பிசையும் பிள்ளைகள், பந்து பிடிக்கும் பிள்ளைகள். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். இவளைக் காணோம். கடைசி போட்டோவில் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தை. ரெட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். “இதோ இருக்கா!” என்றேன். கணவர் வாங்கிப் பார்த்தார். “ஆமா, அவளேதான். அந்த உக்காந்திருக்கற தினுச பாரேன்” என்றார். உடனே அவர் தங்கைக்கு அனுப்பினோம். “செல்லத்துக்கு முடி நல்லா வளந்திருக்கே அண்ணி, என்ன எண்ணெய்?” என்று என் நாத்தனாரிடமிருந்து பதில் வந்தது.

மகள் அந்த நேரம் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளிடம் போட்டோவைக் காட்ட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. எங்கள் பிள்ளையை எங்களுக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை எல்லோரும் வெள்ளை உடையில் வர வேண்டும் என்று செய்தி. அலசி இஸ்திரி போட்டு அனுப்பினேன். திரும்பி வந்தவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் மட்டும்தான் ஒயிட். மத்தவங்கல்லாம் கலர் டிரஸ்.”

குரூப்பைத் திறந்து பார்த்தேன். வெள்ளை என்றுதான் போட்டிருந்தது. இந்த ஆட்கள் நேரத்துக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது. புதன்கிழமை, காய்கறியை வெட்டி வண்ணத்தில் தோய்த்து அச்சு வைக்கப் போகிறோம், ஆளுக்கொரு காய் கொடுத்தனுப்பவும் என்றார்கள். நல்ல கேரட்டாகப் பார்த்துக் கொடுத்தேன்.

“பெயின்ட் பண்ணீங்களா?”

“இல்ல. பிரேக்ல எல்லாரும் கடிச்சு சாப்ட்டோம்.”

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. கையில் வண்ணம் இல்லை, நகத்தில் களிமண் இல்லை. ஆனால் பாட்டு மட்டும் புதிது புதிதாக வந்தது. குளிக்கும்போதும் ஸ்கூட்டரில் வரும்போதும் கையைச் சுழற்றிச் சுழற்றிப் பாடினாள். சாப்பிட உட்கார்ந்ததும் கண்ணை மூடிக் கையைக் கோத்துக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் இருந்தாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. கேம்ப் விளம்பரத்தில் மன ஒருமைப்பாட்டுப் பயிற்சி என்று போட்டிருந்தார்களே, அதுதான். மூன்றே நாளில் இவ்வளவு மாற்றமா என்று கணவரிடம் சொன்னேன்.

அவர் வேறொன்று கேட்டார். “இன்னைக்கு போனாளா அவ?”

“போனாளே. ஏன்?”

“இல்ல, சும்மாதான்.”

வியாழக்கிழமை இவள் தண்ணீர் பாட்டிலை ஸ்கூட்டரின் முன்பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். வெயில் அப்போதே கொளுத்தியது. ஒரு மீட்டிங் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

தெரு காலியாக இருந்தது. கூட்டமில்லாமல் அந்தத் தெருவை அன்றைக்குத்தான் பார்த்தேன். கேம்ப் நடக்கிற மழலையர் பள்ளியின் கேட்டைத் தட்டினேன். பொறுப்பாளரே வந்தார், குரலிலேயே தெரிந்தது. நீல நிற டீ-ஷர்ட் போட்டிருந்தார்.

மகளின் பெயரைச் சொல்லி, “பாட்டில மறந்துட்டா, குடுத்துடுங்க” என்றேன்.

அவர் பாட்டிலை வாங்கவில்லை. “மேம், அவ இன்னைக்கு வரலையே” என்றார்.

“காலைல நான்தான விட்டுட்டுப் போனேன்.”

“இல்ல மேம். அவ ஒரு நாள்கூட வரல. டெய்லி ஆப்சென்ட்னு சாருக்கு மெசேஜ் போகுதே. நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சோம்.”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆள் மாற்றிச் சொல்கிறார் என்று பட்டது. “போட்டோலகூட இருக்காளே” என்று அவரைத் தாண்டி உள்ளே போனேன். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. கூடத்தில் பிள்ளைகள் காகிதம் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். அதோ, ஜன்னல் பக்கம், ரெட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். எனக்கு மூச்சு வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டேன்.

திரும்பியது வேறு முகம். முன் பல் விழுந்த, நான் பார்த்தே இராத ஒரு குழந்தை. என்னை நிமிர்ந்து பார்த்து, “ஆன்ட்டி, எங்க அம்மா வந்துட்டாங்களா?” என்று கேட்டது.

அந்த நொடியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பயம்கூட உடனே வரவில்லை. கணக்கு உதைத்தது, அவ்வளவுதான். தினமும் காலையில் ஒரு பிள்ளையை அனுப்புகிறேன். தினமும் மதியம் அதே பிள்ளை திரும்பி வருகிறது, சிரித்துக்கொண்டு, பாடிக்கொண்டு. நடுவில் அவள் எங்கே இருந்தாள்? யாரோடு? “சூப்பர்” என்று சொன்னாளே, எது சூப்பர்? பிறகுதான் பயம் வந்தது. பாட்டிலை எங்கோ வைத்துவிட்டு வெளியே ஓடினேன். பொறுப்பாளரும் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே வந்தார். “மேம், பதறாதீங்க மேம்” என்று சொன்ன அவர் குரலே பதறியது. கணவருக்குப் போன் செய்தேன். லாக்கருக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும்.

அப்போதுதான் கைதட்டல் கேட்டது. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பிறகு பாட்டு. ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் மூன்று நாளாகக் கேட்ட அதே பாட்டு.

மழலையர் பள்ளியை ஒட்டியே ஒரு சர்ச் இருந்தது. அதன் வளாகத்தில் சாமியானா போட்டு, பாய் விரித்து, நிறையப் பிள்ளைகள் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். விடுமுறையில் சர்ச்சுகளில் பிள்ளைகளுக்காகக் கதையும் பாட்டும் விளையாட்டுமாக ஒரு வாரம் வகுப்பு நடக்கும்; வி.பி.எஸ். என்பார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன்வரிசையில், எல்லோரையும்விடச் சத்தமாக, கையைச் சுழற்றிச் சுழற்றி என் மகள் ஆடிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட அக்காக்கள்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொறுப்பாளர்தான், “இவதானா மேம்? இவதானே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பருத்திப் புடவை கட்டிய ஒரு டீச்சரம்மா எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். நான் சொன்னதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஐயோ, இவ உங்க பொண்ணாம்மா? முத நாளே பேர் குடுக்காம வந்திருக்காளேன்னு அம்மா நம்பர் கேட்டேன். கடகடன்னு ஒப்பிச்சா. உங்களுக்கு போன் பண்ணேனே. அன்னைக்கும் பண்ணேன், நேத்தும் பண்ணேன். எடுத்த உடனே ‘லோன் வேணாங்க’ன்னு வெச்சிட்டீங்க.”

எனக்கு ஞாபகம் வந்தது. அப்படி ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்கிறேன்.

“யார் வந்தாலும் சேத்துக்குவோம்மா. தெருவுல எல்லாப் பிள்ளைங்களும் வரும். மதியானம் உங்க வண்டியில ஏறிப் போறத நானே பாத்தேன். அதான் தெரிஞ்சுதான் அனுப்பறீங்கன்னு நெனச்சுட்டேன்.”

நான் பொறுப்பாளரிடம் திரும்பினேன். “மஞ்சள் டீ-ஷர்ட்னு நீங்கதான போட்டிருந்தீங்க?”

“ஆமா மேம். அப்புறம் மஞ்சள் ஸ்டாக் வரல, ப்ளூன்னு மாத்திட்டோம். சண்டே ஈவ்னிங் குரூப்ல போட்டோமே மேம்.”

மாவடுவுக்கும் மன்னிப்புக்கும் நடுவில் எங்கோ அது இருந்திருக்க வேண்டும். யாரைத் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் செய்ய வேண்டியதைச் செய்திருந்தார்கள். எல்லோரும் எங்களுக்குச் சொல்லவும் சொல்லியிருந்தார்கள். திட்டுவதற்கு ஆள் கிடைத்திருந்தால் அன்றைக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பாட்டு முடிந்ததும் மகள் ஓடி வந்தாள். முகத்தில் கவலை. “ஏம்மா அதுக்குள்ள வந்துட்ட? இன்னும் முடியலையே.”

“உன்ன யாருடி இங்க வரச் சொன்னா?” அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “நீதான சொன்ன, மஞ்சள் டீ-ஷர்ட் அக்காகிட்ட போன்னு. அந்த அக்கா ‘கேம்ப்புக்கா?’ன்னு கேக்கல. ‘பாட்டுப் பாடலாம் வரியா?’ன்னு கேட்டாங்க. நான் வரேன்னேன்.”

பொறுப்பாளர் குனிந்து அவளிடம், “கண்ணா, உன் கேம்ப் அந்தப் பக்கம். அங்க க்ளே இருக்கு, ஸ்கேட்டிங் இருக்கு. வா போலாம்” என்றார். இவள் டீச்சரம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சியாம். இவள் நட்சத்திரமாம். நடுவில் நிற்கிற நட்சத்திரம்.

“உங்க இஷ்டம்மா” என்றார் டீச்சரம்மா. “கூட்டிட்டுப் போனாலும் தப்பா நெனக்க மாட்டோம். நாங்க ஜெபம் பண்றோம், எங்க பாட்டு பாடறோம். உங்க வீட்ல அதுக்கு என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க பேசிட்டு சொல்லுங்க.”

சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கண் மூடியது என் நினைவுக்கு வந்தது. பெருமைப்பட்டேனே, அந்தப் பெருமையை இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமா? பிள்ளை செய்தது அதேதான். நான்தான் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும் அவர் போனைக் கேட்டேன். தினமும் ஒன்றாக நான்கு செய்திகள், தங்கள் குழந்தை இன்று வரவில்லை என்று.

“பாத்தேன்” என்றார். “நீ போனான்னு சொன்ன. சரி, சிஸ்டம் தப்பா அனுப்புதுன்னு விட்டுட்டேன்.”

“என்கிட்ட கேக்கலாமில்ல?”

“கேட்டேனே. நேத்து கேட்டேன். ‘போனாளே’ன்ன.”

கேட்டார்தான். நானும் சொன்னேன்தான். பிறகு அவர் மெல்ல, “அப்ப அந்த போட்டோல இருக்கறது யாரு?” என்றார். முன் பல் விழுந்த குழந்தையைப் பற்றிச் சொன்னேன். தன் மகளின் உட்காரும் தினுசு என்று அடித்துச் சொன்ன மனிதர், முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். என் நாத்தனாரிடம் இன்றுவரை நாங்கள் விஷயத்தைச் சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் கூந்தலுக்கு நான் சொன்ன எண்ணெயைத்தான் அவள் தன் மகளுக்குத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

நிகழ்ச்சிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று பேசினோம். அவருக்கும் தெளிவாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. “நாம அனுப்பியிருந்தா ஒரு விஷயம். அனுப்பல. அவளா போயிட்டா” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆனா நாமதான அனுப்பினோம்” என்றார். பூஜை அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். “ஸ்டார்தான. ஸ்டார் எல்லாருக்கும் பொது” என்று முடித்தார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் அரை நாள் விடுப்புப் போட்டு, கம்பெனிச் சட்டையோடு நேராக அங்கேயே வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எல்லோரும் எழுந்தால் எழுந்தோம், உட்கார்ந்தால் உட்கார்ந்தோம், ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்த பிறகும் இவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் சட்டையை இழுத்து, “உக்காருங்க சார், அறிவிப்புதான்” என்றார். மகள் தகதகக்கிற தாளைச் சுற்றிக்கொண்டு நடுவில் நின்றாள். எங்களைக் கண்டதும் ஆட்டத்தை மறந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். பக்கத்து நட்சத்திரம் அவளை இடித்தது. பிறகு எல்லோருக்கும் காகிதத் தட்டில் கேக்கும் மிக்சரும் கொடுத்தார்கள். டீச்சரம்மா என் போனை வாங்கி, தன் நம்பரை அவரே பெயரோடு பதிந்து கொடுத்தார். “அடுத்த தடவ லோன் வேணாம்னு வெச்சிடாதீங்க” என்றார்.

இரண்டாவது வாரம் அவளைப் பக்கத்து கேட்டுக்குள் அனுப்பினோம். அதற்குத்தானே பணம் கட்டியிருந்தது. பொறுப்பாளர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று கைபிடித்து வாங்கிக்கொண்டார். அப்படியும் நான் உடனே கிளம்பவில்லை. உள்ளே அவள் உட்காருகிற வரை சுவரோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் களிமண்ணும் வண்ணமுமாகத் திரும்பி வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டால், “பரவால்ல” என்றாள். போட்டோக்களில் முகம் தெரிய இருந்தாள். நாங்கள்தான் ஒருவரும் பார்க்காதபோது அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம், அவள்தானா என்று.

எங்கள் அடுக்ககத்தில் இப்போதும் யாராவது ஒரு தாய் மே மாதம் நெருங்கும்போது வந்து, “நீங்க அனுப்பியிருக்கீங்களே, என்னல்லாம் பாக்கணும்?” என்று கேட்பார். எனக்குச் சொல்லத் தெரியாது. ஏசி, கேமரா, தண்ணீர் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவேன். “உள்ள போய் ஒரு தடவ பாத்துட்டு வாங்க” என்பேன். அவ்வளவா என்பதுபோல் பார்ப்பார்கள்.

கேம்ப் முடிந்த மறுநாள் நான் சமையலறையில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து மேடையில் சாய்ந்து நின்றாள்.

“அம்மா, அந்த கேம்ப் மறுபடி எப்ப வரும்?”

“எந்த கேம்ப்?”

“முத கேம்ப். பாட்டு கேம்ப்.”

“அடுத்த லீவுலதான்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மிகவும் தணிந்த குரலில், பெரிய உதவி கேட்பவள்போல, “அப்ப அடுத்த லீவுலயும் என்ன தெரியாம அங்கயே விட்டுடறியா?” என்று கேட்டாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். புளித் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.